நெஞ்சில் காற்றுக் கசிவு: கொரோனா வார்டில் மலைக்காரர்கள் கேட்ட கேள்விகள்

நான் கோத்தகிரிப் பக்கத்து ஆள். 2021 மே, ஜூன் மாதங்களில் கீழே சமவெளியில் ஒரு கொரோனா ஐசியூவில் நர்ஸாக இருந்தேன். நீலகிரியிலிருந்து ஆம்புலன்ஸில் வந்து இறங்கியவர்களின் வீட்டார் என் பேச்சைக் கேட்டதும் "நம்ம ஊரா சிஸ்டர்?" என்பார்கள். அதிலிருந்து கேள்விகள் ஆரம்பிக்கும். அதில் நெஞ்சுக்குள் காற்றுக் கசிந்தவர்களின் வீட்டார் கேட்டவை தனி ரகம். இன்றும் யாராவது போனில் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உங்கள் ஆளின் எக்ஸ்ரேயை நான் பார்த்ததில்லை. பார்த்த டாக்டர் சொல்வதுதான் கடைசிப் பேச்சு.

நுரையீரலில் ஓட்டை என்கிறார்களே, நிஜமாகவே ஓட்டையா?

ஓட்டைதான், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவில் இல்லை. நுரையீரல் முழுக்கக் கோடிக்கணக்கான குட்டிக் காற்றறைகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் சுவர் கிழிந்தாலே போதும், காற்று வெளியே வந்துவிடும்.

நுரையீரலைச் சுற்றி ஒரு மெல்லிய உறை, நெஞ்சுக்கூட்டின் உள்பக்கம் இன்னொரு உறை. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்கிற மாதிரி இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் நெஞ்சு விரியும்போது நுரையீரலும் கூடவே விரிகிறது. இடையில் காற்று புகுந்தால் அந்த ஒட்டுதல் விட்டுப்போகும், நுரையீரல் சுருங்கிவிடும். இதற்குப் பெயர் நியூமோதொராக்ஸ். சில பேருக்குக் காற்று இந்த வழியில் போகாமல் நெஞ்சின் நடுப்பகுதிக்கு, அதாவது இதயமும் மூச்சுக்குழாயும் இருக்கிற இடத்துக்குப் போகும். அது நியூமோமீடியாஸ்டினம். அங்கிருந்து கழுத்துக்கு ஏறித் தோலுக்கடியில் பரவுவதும் உண்டு. ஒரே ஆளுக்கு மூன்றும் சேர்ந்து வந்து பார்த்திருக்கிறேன்.

பைக்கில் விழுந்து விலா உடைந்தவர்களுக்குத்தானே இது வரும்? கொரோனாவில் எப்படி?

கடுமையான கொரோனாவில் நுரையீரல் முழுவதும் ஒரே மாதிரி கெடுவதில்லை. ஒரு பகுதி நனைந்த சாக்குபோலக் கனத்துக் கிடக்கும், பக்கத்துப் பகுதி ஓரளவு நன்றாக இருக்கும். உள்ளே வருகிற காற்று முழுவதும் அந்த நல்ல பகுதிக்குள் போய் அதை அளவுக்கு மீறி ஊதிவிடுகிறது. சுவரோ அழற்சியால் ஏற்கெனவே நைந்திருக்கிறது. அப்போது ஒரு பெரிய இருமல் வந்தாலே போதும்.

கிழிந்த காற்றறையிலிருந்து காற்று எப்படிக் கழுத்துவரை போகிறது என்பதற்கு 1939லேயே விடை கிடைத்துவிட்டது. சார்ல்ஸ் மேக்லின் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் பூனைகளின் நுரையீரலை அளவுக்கு மேல் ஊதிப் பார்த்தார். காற்று ரத்தக்குழாய்களைச் சுற்றியிருக்கும் உறைக்குள் புகுந்து, அதையே பாதையாக்கிக்கொண்டு நெஞ்சின் நடுவுக்குப் போனது. இன்றைக்கும் சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் "மேக்லின்" என்ற பெயர் கண்ணில் படலாம். அது ஆஸ்பத்திரிப் பெயரோ மருந்துப் பெயரோ இல்லை, அந்த மனுஷன் பெயர்.

வென்டிலேட்டர் வைத்துத்தான் கிழித்துவிட்டார்களா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. பெரும்பாலும் கேள்வியாக வராது, கோபமாகத்தான் வரும். மெஷினுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நியூயார்க்கில் 2020ல் வந்த ஓர் ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த 601 கொரோனா நோயாளிகளில் 89 பேருக்கு இப்படிக் காற்றுக் கசிவு ஏற்பட்டது. ஏறக்குறைய ஏழில் ஒருவர். இது நடக்கும் என்று டாக்டர்களுக்கும் தெரியும். அதனால்தான் ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று தரலாம் என்பதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆளின் உயரத்தை வைத்து ஓர் எடை கணக்கிட்டு, அந்த எடையில் கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் அளவில் ஆரம்பிப்பார்கள். உள்ளே அழுத்தம், 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள்.

ஆனால் மெஷினே வைக்காதவர்களுக்கும் கசிந்தது. மாஸ்க் ஆக்ஸிஜனில் மட்டும் இருந்தவர்களுக்கும், ஏன், மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கியவர்களுக்கும்கூட. மூச்சு முட்டுகிறவர் நிமிடத்துக்கு நாற்பது தடவை, கழுத்து நரம்பு புடைக்க இழுத்து இழுத்து மூச்சு விடுகிறார். அந்த இழுப்பே நைந்த நுரையீரலைக் கிழிக்கப் போதும். அந்த நிலையில் மெஷின் வைப்பதும் ஆபத்து, வைக்காமல் விடுவதும் ஆபத்து. எது குறைந்த ஆபத்து என்று ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு டாக்டர் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

வீடியோ காலில் பார்த்தோம். முகம் அடையாளமே தெரியவில்லையே?

தோலுக்கடியில் போன காற்று அது. கீழ்கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு பையன் அப்பாவைப் பார்க்க வீடியோ காலில் வந்தான். போனை முகத்துக்கு நேரே பிடித்தேன். இரண்டு கண்ணும் மூடிப்போய், கன்னம் கழுத்தோடு ஒன்றாகியிருந்தது. "சிஸ்டர், வேற யாரையோ காட்டறீங்க" என்றான். நான் போனைக் கீழே இறக்கி, வலது கையில் பச்சை குத்தியிருந்த பெயரைக் காட்டினேன். அதற்கப்புறம் அவன் பேசவே இல்லை.

பார்க்கப் பயமாக இருக்கும், தொட்டால் இன்னும் விநோதமாக இருக்கும். பொரி மூட்டையை விரலால் அழுத்தினால் நறநறக்குமே, தோல் அப்படி நறநறக்கும். குரலும் மூக்கால் பேசுவது போல மாறும். ஆனால் பார்வைக்குத் தெரிகிற அளவுக்கு இது பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. கசிவு நின்றால் உடம்பே காற்றை உறிஞ்சிக்கொள்ளும், வீக்கம் சில நாட்களில் வடியும். கவலைப்பட வேண்டியது தோலுக்கு மேலே தெரிகிற வீக்கத்தைப் பற்றி அல்ல, உள்ளே நுரையீரல் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதைப் பற்றி. அந்த அப்பாவின் கண் ஆறாம் நாள் திறந்தது. முதலில் கேட்டது டீ.

நேற்றுவரை தேறிக்கொண்டிருந்தார், ஒரு மணி நேரத்தில் எல்லாம் தலைகீழானது. எப்படி?

கசிவுக்கு அதுதான் குணம். ஆக்ஸிஜன் அளவு சட்டென்று இறங்கும், ஒரு பக்க நெஞ்சில் குத்தும், படபடப்பு வரும். கொரோனாதான் முற்றுகிறது என்றோ, பயத்தில் மூச்சு வாங்குகிறது என்றோ நினைத்துவிடுவது சுலபம். முழுக் கவச உடைக்குள் நின்றுகொண்டு ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பது எங்களுக்குப் பெரும்பாடு. அதனால் படுக்கைக்கே கொண்டுவரும் எக்ஸ்ரேயும் ஸ்கேனும்தான் கைகொடுத்தன.

எல்லாவற்றிலும் மோசமானது ஒன்று உண்டு. காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும், வெளியே போகாது. அது சேர்ந்து இதயத்தையே ஒரு பக்கமாகத் தள்ளும், ரத்த அழுத்தம் விழுந்துவிடும். அப்போது எக்ஸ்ரேக்குக் காத்திருக்க மாட்டார்கள். ஊசியைக் குத்திக் காற்றை முதலில் வெளியே விடுவார்கள், அப்புறம்தான் டியூப். வீட்டாரிடம் கையெழுத்து வாங்க நேரமிருக்காது. கேட்காமல் குத்திவிட்டார்கள் என்று பிறகு சண்டைக்கு வராதீர்கள்.

நெஞ்சில் டியூப் போட்டுப் பாட்டிலில் விட்டிருக்கிறார்கள். பாட்டிலில் தண்ணீர் எதற்கு?

அக்குளுக்குக் கீழே, நாலாவது அல்லது ஐந்தாவது விலா இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு டியூபை உள்ளே விடுவார்கள். அதன் இன்னொரு முனை பாட்டிலில் தண்ணீருக்கு அடியில் இரண்டு சென்டிமீட்டர் அளவு மூழ்கியிருக்கும். உள்ளே இருக்கும் காற்று தண்ணீரைத் தள்ளிக் குமிழியாக வெளியே போகும், ஸ்ட்ராவை இளநீருக்குள் விட்டு ஊதினால் வருமே, அது மாதிரி. ஆனால் வெளிக்காற்று தண்ணீரைத் தாண்டித் திரும்ப உள்ளே போக முடியாது. மோட்டார் இல்லை, கரண்ட் வேண்டாம். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து டாக்டர் பூலாவ் 1875ல் இதைச் செய்தார், 1891ல் எழுதி வெளியிட்டார். இத்தனை வருஷத்தில் பாட்டில் கண்ணாடியிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியிருக்கிறது, சூத்திரம் அப்படியேதான் இருக்கிறது.

பக்கத்தில் உட்காரும் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியது பாட்டிலைப் பற்றித்தான். அது எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே, தரையோரம் இருக்க வேண்டும். கட்டில் மேல் தூக்கி வைத்தால் தண்ணீர் நெஞ்சுக்குள் திரும்பிப் போகும். சாயவும் விடக்கூடாது. மூச்சு விடும்போது டியூபில் தண்ணீர் ஏறி இறங்கினால் நல்லது, டியூப் அடைபடவில்லை என்று அர்த்தம். குமிழி வருவதும் பயப்பட வேண்டிய விஷயமல்ல, காற்று போகிறது. டாய்லெட்டுக்குக் கூட்டிப்போகும்போது "வசதியாக இருக்கும்" என்று டியூபை மடித்துக் கிளிப் போட்டுவிடுகிறார்கள் சிலர். குமிழி விடுகிற டியூபை அடைத்தால் காற்று உள்ளேயே சேரும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், நர்ஸைக் கூப்பிடுங்கள். நாங்கள் திட்டினாலும் பரவாயில்லை, கூப்பிடுங்கள்.

பக்கத்துக் கட்டில்காரருக்கு டியூப், எங்கள் ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஏன்?

கசிவு சின்னதாக, மூச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் இருந்தால் பார்த்துக்கொண்டிருப்பதே வைத்தியம். நெஞ்சின் நடுவில் மட்டும் காற்று இருந்தால் பெரும்பாலும் டியூப் தேவைப்படாது. சேர்ந்த காற்றை உடம்பு தானாகவே உறிஞ்சும், அதுவும் மெதுவாக, ஒரு நாளைக்கு நெஞ்சின் அந்தப் பக்கக் கொள்ளளவில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம்வரை. ஆக்ஸிஜன் கொடுத்தால் வேகம் கூடும். கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள்.

பத்து நாளாகக் குமிழி நிற்கவே இல்லை. இனி என்ன?

கொரோனா நுரையீரலில் இது சகஜம். தையல் போட்ட இடம் நைந்த துணியாக இருந்தால் தையல் பிடிக்காது இல்லையா, அந்தக் கதைதான். ஆறுவதற்கு நாளாகும். அழற்சிக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடியது, ஆனாலும் உயிரைக் காப்பாற்ற அது வேண்டியிருந்தது. ஐந்தாறு நாள் தாண்டியும் கசிந்தால் பாட்டிலோடு உறிஞ்சும் மெஷினை இணைத்துப் பார்ப்பார்கள். நோயாளியின் சொந்த ரத்தத்தையே எடுத்து டியூப் வழியாக நெஞ்சுக்குள் விட்டு, அது உறைந்து ஓட்டையை அடைக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. மருந்து போட்டு இரண்டு உறைகளையும் ஒட்டவைப்பதும், மூச்சுக்குழாய்க்குள் சின்ன வால்வு பொருத்துவதும், கடைசியாக ஆபரேஷனும் இருக்கின்றன. அந்த உடல்நிலையில் ஆபரேஷன் தாங்குமா என்பது தனிக் கணக்கு.

கசிவோடு ஊட்டியிலிருந்து கோயம்புத்தூருக்கு ஆம்புலன்ஸில் இறக்குவது ஆபத்தில்லையா?

இங்கேதான் மலைக்காரர்களுக்கென்று தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வாங்கின சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் உப்பிப்போய் வெடிக்கிற மாதிரி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊட்டியில் குடித்து மூடி வைத்த காலித் தண்ணீர் பாட்டில், கீழே போய்ச் சேரும்போது நசுங்கியிருக்கும். மேலே காற்றழுத்தம் குறைவு, கீழே அதிகம். அடைபட்ட காற்று மேலே போனால் விரியும், கீழே வந்தால் சுருங்கும். நெஞ்சுக்குள் அடைபட்ட காற்றுக்கும் அதே விதிதான்.

ஆக, கீழே இறங்குவது கசிவைப் பொறுத்தவரை சாதகம்தான். ஆக்ஸிஜனும் கீழே தாராளம். ஆபத்து கொண்டைஊசி வளைவுகளில். வளைவுக்கு வளைவு பாட்டில் உருளும், தண்ணீர் சாயும், டியூபின் முனை தண்ணீருக்கு மேலே வந்துவிட்டால் வெளிக்காற்றைத் தடுக்கும் தண்ணீர் அடைப்பு போய்விடும். ஒருமுறை எங்களிடம் வந்து சேர்ந்த பாட்டிலில் பாதித் தண்ணீர் ஆம்புலன்ஸ் தரையில் இருந்தது. பாட்டிலைக் கையால் பிடித்துக்கொள்ள ஒருவர் கட்டாயம் வேண்டும். டாக்டர் ஒப்புக்கொண்டால் தண்ணீர் பாட்டிலுக்குப் பதிலாக ஒருவழி வால்வு வைத்த பையோடும் அனுப்பலாம். வென்டிலேட்டரில் இருப்பவர் என்றால் இன்னொன்று: தொண்டைக் குழாயைச் சுற்றி ஒரு குட்டிக் காற்றுப்பை இருக்கும். இறங்க இறங்க அதுவும் சுருங்கி ஓரத்தில் காற்றொழுகும். பர்லியார் தாண்டியதும் அதைச் சரிபார்க்கிற டெக்னீஷியன் கூட இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

குணமாகிவிட்டது, டியூபை எடுத்துவிட்டார்கள். எப்போது மலை ஏறலாம்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ஏனென்றால் டிஸ்சார்ஜ் சீட்டில் இது பெரும்பாலும் இருக்காது. சமவெளி டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். அவர் மனதில் இருக்கும் வீடு கோயம்புத்தூர் காந்திபுரத்தில் இருக்கிறது, உங்கள் வீடோ ஏழாயிரம் அடி உயரத்தில்.

கோயம்புத்தூர் சுமார் 410 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். நெஞ்சுக்குள் மிச்சம் மீதி காற்று அடைபட்டிருந்தால், ஊட்டி போய்ச் சேரும்போது அது கிட்டத்தட்டக் கால் பங்கு பெருத்திருக்கும். கீழே தொந்தரவு தராத அளவு மேலே தொந்தரவு தரலாம். கொடைக்கானலும் 2,100 மீட்டருக்கு மேல்தான். அதனால் மதுரையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ கொடைக்கானல் ஏறுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

விமானத்தில் போகலாமா என்று எல்லோரும் மறக்காமல் கேட்கிறார்கள், மலை ஏறலாமா என்று கேட்பதில்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல வைக்கப்படுகிறது. ஊட்டி ஏறத்தாழ 7,350 அடி. அதாவது, ஊட்டியில் இருப்பது விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பதற்குப் பக்கத்தில் வருகிறது. வித்தியாசம் என்னவென்றால், விமானத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுவீர்கள், ஊட்டியில் குடியிருக்கிறீர்கள். விமானப் பயணத்துக்கு, பிரிட்டனின் நெஞ்சுநோய் மருத்துவர் அமைப்பான பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி சொல்வது: எக்ஸ்ரேயில் காற்று முழுவதும் போய்விட்டது என்று உறுதியான பிறகு குறைந்தது ஏழு நாள். மலைப்பாதைக்கும் இதையே குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். கொரோனாவில் நைந்த நுரையீரலுக்கு டாக்டர்கள் இன்னும் கூடுதலாகச் சொல்வதுண்டு. "சார், எங்கள் ஊர் இத்தனை அடி உயரம். கடைசி எக்ஸ்ரேயில் காற்று சுத்தமாகப் போய்விட்டதா, எப்போது ஏறலாம்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

மலைக்குக் கீழே காரமடையிலோ மேட்டுப்பாளையத்திலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் அதுதான் சமயத்துக்கு உதவும். மேலே சொன்ன அந்த அப்பா, காரமடையில் தங்கை வீட்டில் மூன்று வாரம் இருந்தார். குளிர் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று தினமும் ஒரு புலம்பல், ஆனால் இருந்தார்.

ஊட்டி வீட்டுக்கு வந்ததும் ஆக்ஸிமீட்டர் 92 காட்டுகிறது. கீழே 95 இருந்ததே?

மேலே காற்றில் ஆக்ஸிஜனின் விகிதம் அதே 21 சதவீதம்தான், ஆனால் காற்றே மெல்லியது. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். நல்ல ஆரோக்கியமான ஊட்டிக்காரருக்கே 94, 95 காட்டுவது சாதாரணம். ஆறிக்கொண்டிருக்கும் நுரையீரலுக்கு இரண்டு மூன்று புள்ளி இறங்குவது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் மெதுவாக இறங்கி ஓரிடத்தில் நிற்பது வேறு, நேற்று 93, இன்று காலை 88 என்று விழுவது வேறு. இரண்டாவது நடந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். குளிரில் விரல் விறைத்திருந்தால் கருவி தப்புக் காட்டும், கையைச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். அதற்காகக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். அந்த நச்சுப்புகையை ஆக்ஸிமீட்டரால் கண்டுபிடிக்க முடியாது, ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் 98 என்று காட்டும். வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் வாடகைக்கு எடுத்தால் எத்தனை அடி உயரம்வரை சரியாக வேலை செய்யும் என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டு எடுங்கள்.

பலூன் ஊதச் சொல்லி வாட்ஸப்பில் வந்ததே?

கசிந்த நுரையீரலுக்கு வேண்டவே வேண்டாம். பலூன் ஊத நெஞ்சுக்குள் அழுத்தம் ஏற்ற வேண்டும், ஆறாத இடம் மறுபடி கிழியலாம். மூன்று உருண்டை இருக்கும் அந்த மூச்சுப் பயிற்சிக் கருவி இழுப்பதற்கானது. அதையும் டாக்டர் சரி சொன்ன பிறகுதான். சங்கு ஊதும் பூசாரி, நாயனக்காரர், கொள் என்ற ஊதுகுழல் வாசிக்கும் கோத்தர் பழங்குடியினர் ஆகியோர் இதைத் தொழிலாகவே செய்கிறவர்கள். அவர்கள் ஸ்கேன் பார்த்து டாக்டர் அனுமதி கொடுக்கும்வரை வாத்தியத்தை உறைக்குள் வைக்க வேண்டியதுதான். மலச்சிக்கலில் முக்குவதும் இதே கணக்கில் வரும், சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

தேயிலை மூட்டை தூக்கலாமா? பீடி?

மூட்டைக்குச் சில வாரங்கள் பொறுங்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். பீடி இனி வேண்டாம், இதற்குப் பேரம் கிடையாது. ஆழ்கடலில் டைவிங் போகிறவர் யாரும் கோத்தகிரியில் இல்லை என்று நினைக்கிறேன், இருந்தால் அதுவும் வேண்டாம்.

தடுப்பூசியால் வந்ததா?

இல்லை. கடுமையான கொரோனாவால் வந்தது. அந்தக் கடுமையைத்தான் தடுப்பூசி குறைத்தது.

எல்லாம் முடிந்து வீட்டில் இருக்கும்போது மறுபடி வருமா?

சில பேருக்கு வரும். கொரோனா ஆறிய இடத்தில் காற்று நிரம்பிய கொப்புளங்கள் மிச்சமிருக்கலாம், வாரங்கள் கழித்தும் அவற்றில் ஒன்று உடையலாம். வீட்டுக்கு வந்தபிறகு முதல் முறையாகக் கசிந்தவர்களும் உண்டு. ஒரு பக்க நெஞ்சில் திடீர்க் குத்தல், தோள்வரை இழுக்கும் வலி, நாலு படி ஏறினால் மூச்சு முட்டல் இருந்தால் வாயுப்பிடிப்பு என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. ராத்திரியில் 108ல் ஏறிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள். அங்கே இருக்கும் டியூட்டி டாக்டர் உங்களை முன்னே பின்னே பார்த்திருக்க மாட்டார். நாற்பது வயதுக்கு மேல் நெஞ்சுவலி என்றால் நேராக இசிஜிக்குத்தான் போவார், அது சரியும்தான். நீங்கள் வாசலிலேயே, முதல் வாக்கியமாக, "கொரோனாவில் வலது பக்கம் நுரையீரல் கசிந்து டியூப் போட்டது" என்று எந்தப் பக்கம், எந்த மாதம் என்பதோடு சொல்லிவிடுங்கள். கூடவே கடைசி எக்ஸ்ரே படத்தை நீட்டுங்கள். அதை வீட்டில் பீரோவுக்கு அடியில் வைக்காதீர்கள், ரேஷன் கார்டு வைக்கிற பையிலேயே வையுங்கள்.